டீப்பாய்க்குப் பொருத்தமான புத்தகம்

"ஸ்டைல்" என்ற சொல்லை இன்றைக்கு யார் அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுத்தால், ரஜினி ரசிகர்களுக்கு அடுத்தபடியாகக் கலைப்புத்தகம் போடும் பதிப்பாளர்கள்தான் வருவார்கள் போலிருக்கிறது. நான் சொல்வது பாரிஸ், நியூயார்க், லண்டன் பதிப்பாளர்களை. ஓவியம், சிற்பம், மாளிகை, தோட்டம் என்று பெரிய பெரிய படங்களோடு வழவழப்பான தாளில் புத்தகம் போடுகிறவர்கள். பிரெஞ்சில் இதற்கு "போ லீவ்ர்" என்று பெயர், அழகான புத்தகம் என்று அர்த்தம். இவர்களில் சிலர் புத்தகத்தோடு நிற்காமல், புத்தகத்தைப் பற்றியும் ஸ்டைலைப் பற்றியும் குறும்பாக எழுதுவதற்கென்றே ஒரு சஞ்சிகையும் நடத்துகிறார்கள். மகன் பாரிஸ் பக்கத்தில் இருப்பதால் இந்த மாதிரி எழுத்து என் கண்ணில் அடிக்கடி படும். வேலை ஓய்வு பெற்றவனுக்குப் படிக்க நேரமும் உண்டு, கோபப்பட நேரமும் உண்டு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குறும்பு எனக்குப் பகையில்லை. அந்த எழுத்தில் பாதி எனக்கு மிகவும் பிடிக்கும். காற்புள்ளி எங்கே போடுவது, போடாமல் விட்டால் யார் யாரைச் சாப்பிட்டதாக அர்த்தமாகும் என்றெல்லாம் எழுதுவார்கள். 1962இல் மார்ட்டின் ஸ்பெக்டர் என்ற நியூயார்க் விளம்பரக்காரர் கேள்விக்குறியையும் ஆச்சரியக்குறியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துப் புதுக் குறி ஒன்று செய்தார். அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் நான் இரண்டு முறை படிப்பேன். பிரெஞ்சுக்காரர்கள் இந்த விளையாட்டில் முன்னோடிகள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அல்கான்தேர் தெ பிராம் என்பவர் கிண்டலுக்கென்று ஒரு குறி வேண்டும் என்று இடவலமாகத் திருப்பிய கேள்விக்குறி மாதிரி ஒன்றை முன்வைத்தார். 1966இல் நாவலாசிரியர் எர்வே பசேன் அன்புக்கு ஒரு குறி, சந்தேகத்துக்கு ஒரு குறி, அதிகாரத்துக்கு ஒரு குறி என்று ஒரு கொத்தே செய்து கொடுத்தார். எங்கள் அலுவலகச் சுற்றறிக்கைகளுக்கு அதிகாரக் குறி மட்டும் கிடைத்திருந்தால் எவ்வளவு மை மிச்சமாகியிருக்கும்!

இது புத்தகக்காரர்களின் ஸ்டைல். அச்சுக்கூடத்தில் ஸ்டைல் என்றால் ஒழுங்கு. ஒரு சொல்லை முதல் பக்கத்தில் எப்படி எழுதினாயோ அப்படியே முன்னூறாம் பக்கத்திலும் எழுது, தேதியை ஒரே மாதிரி போடு, அரைப்புள்ளிக்கு முன்னால் சின்ன இடைவெளி விடு. பிரெஞ்சில் அந்த இடைவெளி இல்லாவிட்டால் எங்கள் வாத்தியார் நோட்டை முகத்தில் எறிவார்.

எனக்கு எரிச்சல் மற்ற பாதியில். எந்த நாவலாசிரியர் என்ன தொப்பி போட்டார், எந்தக் கவிதைத் தொகுதியோடு என்ன மது குடிக்கலாம், வரவேற்பறைச் சோபாவின் நிறத்துக்கு எந்தப் புத்தகத்தின் முதுகு ஒத்துப்போகும், மூன்று புத்தகத்தை அடுக்கி மேலே ஒரு மெழுகுவர்த்தி வைத்தால் பார்க்க எப்படியிருக்கும், இந்தச் சங்கதிகள். நகைச்சுவைக்குத்தானே சொல்கிறார்கள் என்பீர்கள். நகைச்சுவையாகச் சொல்லி, சீரியஸாக விற்கிறார்கள். நியூயார்க்கின் பெரிய பழைய புத்தகக் கடையான ஸ்ட்ராண்டில் புத்தகத்தை அடிக்கணக்கில் வாங்கலாம். துணிக்கடை மாதிரி, நிறத்தைச் சொன்னால் போதும். பழைய புத்தகக் கடைக்காரர் அப்படி விற்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவர் கையில் வந்தது யாரோ படித்து முடித்தது, அல்லது யாரும் படிக்க விரும்பாதது. ஆனால் புத்தகத்தைச் செய்கிறவனே "இதை நீங்கள் படிக்க வேண்டியதில்லை, வைத்தால் போதும்" என்று கண்ணடித்தால், அவன் தன் வேலையைப் பற்றி என்ன நினைக்கிறான்?

ஸ்டைல் என்ற சொல் லத்தீன் "ஸ்திலுஸ்" என்பதிலிருந்து வந்தது. மெழுகு பூசிய பலகையில் எழுதும் குச்சி. அதாவது நம் எழுத்தாணி. ஒரு வித்தியாசம், ரோமானியன் எழுத்தாணிக்கு ஒரு முனை கூர், மறுமுனை தட்டை. கூர்முனையால் எழுதி, பிடிக்காவிட்டால் திருப்பித் தட்டைமுனையால் தேய்த்து அழித்துவிடலாம். நல்ல கவிஞனாக வேண்டுமானால் குச்சியை அடிக்கடி திருப்பு என்ற பொருளில் ஹொரேஸ் சொல்லியிருக்கிறார். ஓலையில் எழுதிய நம் ஆட்களுக்கு அந்த வசதியில்லை, கீறினால் கீறினதுதான். எப்படிப் பார்த்தாலும் அது வேலை செய்யும் கருவியின் பெயர். மேசைமேல் அலங்காரத்துக்கு வைக்கும் சாமானின் பெயர் அல்ல.

பிரவே பரீட்சைக்குப் படித்த எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்கு ஸ்டைல் என்றதும் ஞாபகம் வருவது புஃபோன். 1753இல் பிரெஞ்சு அகாதெமியில் சேர்ந்தபோது அவர் ஆற்றிய உரை ஸ்டைலைப் பற்றியதுதான். அதன் ஒற்றை வாக்கியம் ஒன்றை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், உரையை யாரும் படிப்பதில்லை. அவர் சொன்னதன் சாரம், எண்ணங்களை நீ எந்த வரிசையில் வைக்கிறாய், எந்த வேகத்தில் நகர்த்துகிறாய், அதுதான் ஸ்டைல். இதைச் சொன்னவர் வெறும் பேச்சுக்காரர் இல்லை என்பதைக் கவனியுங்கள். உலகத்தின் மகா பெரிய படப்புத்தகங்களில் ஒன்றைச் செய்தவர். அவருடைய இயற்கை வரலாறு 1749இல் தொடங்கிப் பல பத்து தொகுதிகளாக வந்தது. பறவைகளுக்காக மட்டும் கையால் வண்ணம் தீட்டிய தகடுகள் ஏறக்குறைய ஆயிரம். ஒவ்வொரு பறவைக்கும் பெயர், ஊர், பழக்கவழக்கம். இன்று அந்தத் தகடுகளைப் புத்தகத்திலிருந்து அறுத்து எடுத்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். பறவை இருக்கிறது, அதைப் பற்றிய எழுத்து குப்பைக்குப் போய்விட்டது. இதற்கும் ஸ்டைல் என்றுதான் பெயர் சொல்வார்கள்.

இது புது நோய் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செனெக்கா, ஆட்கள் படிப்பதற்காக இல்லாமல் சாப்பாட்டு அறையை அலங்கரிக்கப் புத்தகம் வாங்குகிறார்கள் என்று புலம்பியிருக்கிறார். மொந்தேஞ், தன் கட்டுரைகளைச் சீமாட்டிகள் கூடத்துச் சாமான் மாதிரி வைத்திருக்கிறார்களே என்று சலித்துக்கொண்டு, இந்த அத்தியாயத்தில் எழுதும் விஷயத்தைப் பார்த்தாவது என்னை அந்தரங்க அறைக்கு எடுத்துப் போவார்கள் என்று வேடிக்கையாக எழுதினார். அந்த அத்தியாயம் காமத்தைப் பற்றியது. ஆக, காபி மேசைப் புத்தகம் காபி பிரான்சுக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்டது.

எல்லாரையும்விட லா புருயேர்தான் சரியாக அடித்தார். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் எழுதிய ஒரு சித்திரம் இது. ஒரு பணக்காரன் தன் நூலகத்தைப் பார்க்க அழைக்கிறான். மாடிப்படியில் ஏறும்போதே தோல் அட்டைகளின் நாற்றத்தில் விருந்தாளிக்கு மயக்கம் வருகிறது. அவனோ ஓரத்துக்குத் தங்கம் பூசியது, நல்ல பதிப்பு என்று காதில் கத்திக்கொண்டே வருகிறான். சில அலமாரிகளில் புத்தகமே இல்லை, புத்தகம் மாதிரி சுவரில் வரைந்திருக்கிறது, பார்த்தால் தெரியாது என்று பெருமைப்படுகிறான். தான் படிப்பதில்லை என்றும் ஒத்துக்கொள்கிறான். விருந்தாளி நன்றி சொல்லிவிட்டு, இந்தத் தோல் பதனிடும் கொட்டகையைப் பார்க்க எனக்கு ஆசையில்லை என்று நினைத்துக்கொள்கிறான். இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது வகுப்பே சிரித்தது, வாத்தியார் சிரிக்கவில்லை.

அப்படியானால் மற்ற காலத்தில் என்ன வாழ்ந்தது, கலைப்புத்தகம் எப்போதுமே பணக்காரன் சமாசாரம்தானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்விட்சர்லாந்துக்காரர் அல்பேர் ஸ்கிரா 1931இல் ஓவிதின் காவியத்தைப் பிக்காசோவின் படங்களோடு போட்டார், அடுத்த வருஷம் மலார்மேயின் கவிதைகளை மத்தீஸின் படங்களோடு. எந்தக் குமாஸ்தாவும் அதை வாங்கியிருக்க முடியாது. கிரேக்கத்திலிருந்து பாரிசுக்கு வந்த தெரியாத் 1947இல் மத்தீஸின் "ஜாஸ்" போட்டார். கத்தரித்த வண்ணத் தாள்களும், நடுநடுவே ஓவியர் தன் கையால் பெரிய எழுத்தில் எழுதிய பக்கங்களுமாக இருக்கும். அந்த எழுத்துக்கு வேலை வண்ணங்களுக்குத் துணை நிற்பதுதான், கண்ணுக்காகத்தான் என்று மத்தீஸே அதில் சொல்கிறார். எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல இதைவிடப் பெரிய ஆள் கிடைக்க மாட்டார்!

இந்த மனிதர்களும் சஞ்சிகை நடத்தினார்கள், அதையும் பாருங்கள். ஸ்கிராவின் "மினோத்தோர்" 1933இல் தொடங்கியது. முதல் அட்டை பிக்காசோ. ஸ்டைலுக்குக் குறைவா? ஆனால் இரண்டாம் இதழ் முழுவதையும் ஆப்பிரிக்காவைக் குறுக்கே கடந்த தக்கார் - ஜிபூத்தி ஆய்வுப் பயணத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். முகமூடிகள், சடங்குகள், வீட்டுச் சாமான்கள். அந்தப் பயணத்தில் பொருள்களைச் சேகரித்த விதம் ஒன்றும் புனிதமானதல்ல, அது வேறு கதை. ஆனால் வாசகன் அந்த இதழை மூடி வைக்கும்போது அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கும். தெரியாத்தின் "வெர்வ்" 1937 முதல் 1960 வரை வந்தது. தொடங்கியது அமெரிக்கப் பணத்தில். உலகத்திலேயே அழகான பத்திரிகையாக இருக்க வேண்டும் என்ற வீம்பு. அதிலும் ழீத், மால்ரோ, ஜாய்ஸ் என்று எழுதினார்கள். விளம்பரம்தான், ஒத்துக்கொள்கிறேன், தங்கள் ஓவியர்களை விற்பதற்கான விளம்பரம். ஆனால் வாசகனுக்கு அறிவிருக்கிறது என்று நம்பிச் செய்த விளம்பரம்.

அந்த ஸ்கிராவே 1950களில் சின்னச் சின்னச் சதுர வடிவப் புத்தகங்களும் போட்டார். படங்களைத் தனியே அச்சடித்து, பக்கத்தின்மேல் மேல்விளிம்பில் மட்டும் பசை தடவி ஒட்டியிருப்பார்கள். எங்கள் பள்ளி நூலகத்தில் சில இருந்தன. கீழ்விளிம்பைத் தூக்கிப் பார்க்காதே என்பது முதல் விதி. தூக்கிப் பார்க்காத பையன் ஒருவனும் இல்லை.

இங்கேதான் என் வழக்கின் மையம் இருக்கிறது. பாரிசில் இருக்கிறவனுக்கு ஓவியம் லூவ்ரில் இருக்கிறது, புத்தகம் ஞாபகார்த்தம். கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்குப் புத்தகம்தான் லூவ்ர். வேறு லூவ்ர் கிடையாது. அப்படிப்பட்டவனுக்குப் படத்தின் கீழே உள்ள சின்ன எழுத்துதான் உயிர்நாடி. யார் வரைந்தது, எந்த வருஷம், துணியிலா பலகையிலா, எங்கே இருக்கிறது, எத்தனை செண்டிமீட்டர்.

அளவு ஏன் முக்கியம் என்று கேட்காதீர்கள். லூவ்ரில் வெர்மீரின் லேஸ் பின்னும் பெண் இருக்கிறாள். அந்த ஓவியம் சுமார் 24 செண்டிமீட்டர் உயரம், 21 அகலம். பள்ளி நோட்டை விரித்தால் அதைவிடப் பெரிது. அதே லூவ்ரில் வெரோனேசேயின் கானா ஊர்க் கல்யாணம் இருக்கிறது. ஏறக்குறைய 6.8 மீட்டர் உயரம், 9.9 மீட்டர் அகலம். புத்தகத்தில் இரண்டும் ஒரே பக்க அளவு. கல்யாணத்தைத் தபால் அட்டைக்குச் சுருக்கியிருப்பார்கள், லேஸ்காரியை உண்மையைவிடப் பெரிதாக ஊதியிருப்பார்கள். கீழே அளவு இல்லையென்றால் பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் வாத்தியார் என்ன செய்தார் தெரியுமா? பழைய செய்தித்தாளை 24க்கு 21 என்று அளந்து வெட்டி ஒரு பையன் கையில் கொடுத்து மார்புக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். "இதுதான் அந்தப் பெண். இவ்வளவு கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும், மூச்சுப் படுகிற தூரத்தில்." பிறகு எல்லோரையும் வெளியே அழைத்துப் போய் மதிற்சுவர் ஓரமாகச் சாக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டே நடந்தார். பத்து மீட்டர். "இது கல்யாணம். நூறு பேருக்குமேல் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், நீ தெருவில் நின்று வேடிக்கை பார்க்கிறாய்." உயரத்தைக் காட்டச் சுவர் போதவில்லை, பக்கத்துத் தென்னை மரத்தில் பாதியைக் காட்டினார். அந்தப் பத்து நிமிஷத்துக்கு மூலதனம் ஒரு சின்ன வரியில் அச்சாகியிருந்த இரண்டு எண்கள்தான். அந்த எண்களை யாரோ ஒரு பெயர் தெரியாத ஆள் சரிபார்த்து அச்சுக்குக் கொடுத்திருக்கிறார். அதற்கு நான் ஸ்டைல் என்று பெயர் சொல்வேன்.

இப்போது வருகிற பல "அழகான புத்தகங்களில்" அந்த வரியே இருப்பதில்லை. படத்தின் தூய்மை கெட்டுவிடுமாம். விவரத்தையெல்லாம் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் தள்ளிவிடுகிறார்கள், சிலர் அதுவும் செய்வதில்லை. முப்பத்து நாலு வருஷம் அரசாங்கக் கோப்பு எழுதினவன் நான். தேதியும் எண்ணும் இல்லாத காகிதம் என் மேசைக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். அட்டைக்குப் பட்டுத் துணி, பெட்டிக்கு வெல்வெட்டு, ஆனால் செண்டிமீட்டருக்கு இடமில்லை. செலவு எதில் செய்கிறார்கள், எதில் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். பிரான்சில் மெய்ப்புத் திருத்துகிறவர்களில் பலர் வீட்டிலிருந்தபடி மணிக்கணக்குக் கூலிக்கு வேலை செய்கிறவர்கள். நிரந்தரம் கிடையாது. வெல்வெட்டின் விலை குறைந்ததாகக் கேள்விப்படவில்லை.

இதன் உச்சம் 1999இல் வந்தது. ஜெர்மன் பதிப்பாளர் தாஷென் போட்ட ஹெல்மூத் நியூட்டனின் புகைப்படப் புத்தகம். பெயரே "சுமோ". எடை 30 கிலோவுக்குக் குறையாது. அதை வைப்பதற்குப் பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஃபிலிப் ஸ்தார்க் தனியாக ஒரு தாங்கி செய்து, அதையும் சேர்த்தே விற்றார்கள். மேசைக்காகப் புத்தகம் என்பது போய், புத்தகத்தோடு மேசையும் வந்துவிட்டது.

அதே தாஷென்தான் 1980களின் நடுவிலிருந்து ஓவியர் ஒருவருக்கு ஒரு புத்தகம் என்று மலிவு விலையில் உலகமெங்கும் விற்றவர். அந்த வரிசையில் சில என்னிடமும் இருக்கின்றன. படத்தின் கீழே அளவு இருக்கிறது, மியூசியம் பெயர் இருக்கிறது. ஆகவே "பணக்காரன் மேசைக்கு விற்றால்தான் ஏழை வாசகனுக்குப் புத்தகம் போட முடியும்" என்று வாதாடுகிறவர்களுக்கு நான் முழுதாக மறுப்புச் சொல்ல மாட்டேன். பணம் எங்கிருந்து வந்தாலும் வரட்டும். ஆனால் அந்தச் சப்பைக்கட்டை எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் கடையில் அந்த இரண்டாவது புத்தகம் எங்கே? மெழுகுவர்த்தி இருக்கிறது, பெட்டி இருக்கிறது, சோபாவுக்கு ஆலோசனை இருக்கிறது. குமாஸ்தா மகன் வாங்குகிற புத்தகம் எங்கே இருக்கிறது?

காலிமார் பதிப்பகம் 1986இல் "தெகூவெர்த்" என்று ஒரு வரிசை தொடங்கியது. முதல் புத்தகம் எகிப்தைப் பற்றியது. அளவு 12.5க்கு 17.8 செண்டிமீட்டர், சட்டைப் பைக்குக் கொஞ்சம் பெரிது, கோட்டுப் பைக்குச் சரி. அதற்குள் பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம், வரைபடம், ஓரத்தில் விளக்கம், கடைசியில் அந்தக் காலத்து ஆவணங்கள். பக்கத்தில் ஒரு விரல் இடம் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் பார்க்க அவ்வளவு அழகு. முதல் சில பக்கங்களில் எழுத்தைக் குறைத்துப் படத்தை ஓட விட்டு, சினிமா ஆரம்பிக்கிற மாதிரி ஆரம்பிப்பார்கள். கல்லூரிப் பையன்கள் ரயிலில் படித்தார்கள். ஐந்நூறுக்கு மேற்பட்ட தலைப்புகள் வந்தன, பல மொழிகளுக்குப் போயின. இதைச் செய்தவர்களுக்கு ஸ்டைல் தெரியாது என்று சொல்ல யாருக்காவது தைரியம் உண்டா?

மால்ரோவின் புகைப்படம் ஒன்று உண்டு, 1950களில் "பாரி மாட்ச்" பத்திரிகைக்காக எடுத்தது, பலர் பார்த்திருப்பீர்கள். உலகச் சிற்பங்களைப் பற்றிய தன் புத்தகத்தின் பக்கங்களை வரவேற்பறைத் தரை முழுக்கப் பரப்பி வைத்துவிட்டு, பியானோவில் சாய்ந்தபடி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அதுவும் போஸ்தான், அமைச்சராகப் போகிற மனிதருக்குப் போஸ் கொடுக்கத் தெரியாதா என்ன. ஆனால் புத்தகம் திறந்து கிடக்கிறது, காலடியில், கலைந்து, ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படியாக. இன்றைய சஞ்சிகைப் படங்களில் புத்தகங்கள் மூடித்தான் இருக்கின்றன. சில வருஷங்களுக்கு முன் முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பதுகூட ஒரு மோஸ்தராக இருந்தது, வெளியே தெரிவது தாள்களின் வெளிர் நிறம் மட்டும், தலைப்பு எதுவும் தெரியாது. லா புருயேர் சொன்ன அந்தச் சுவரில் வரைந்த புத்தகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மகன் அடுத்த மாதம் வருகிறான், என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டிருக்கிறான். தெகூவெர்த் வரிசையில் என்னிடம் இல்லாதவற்றின் பட்டியல் ஒன்று அனுப்பியிருக்கிறேன். அவற்றைச் சேன் நதிக்கரைப் பழைய புத்தகப் பெட்டிகளில் தேட வேண்டும். புதிய கலைப்புத்தகம் எதையாவது வாங்குவதாக இருந்தால் கடையிலேயே நாலு பக்கம் புரட்டிப் படத்தின் கீழே செண்டிமீட்டர் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கு, பெட்டி வேண்டாம், எடை கூடும் என்றும் எழுதியிருக்கிறேன்.